வாசலில் வந்து நின்ற டயாலிசிஸ் வேன்

அப்பா இறந்தது கிருஷ்ணகிரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஐ.சி.யூ.வில். அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் டயாலிசிஸ் பிரிவுக்கு மட்டும் அந்தச் செய்தி போய்ச் சேரவே இல்லை. "அப்பாவ ரெடியா வெச்சிருங்க சார், வேன் வரும்" என்று போன் மேல் போன். சுடுகாட்டில் நிற்கும்போதும் ஒன்று வந்தது. ஒவ்வொரு முறையும் விளக்கினேன். "ஸாரி சார், சொல்லிடறோம்" என்பார்கள். யாரிடம்தான் சொன்னார்களோ! அன்றன்றைய வேனைத்தான் என்னால் நிறுத்த முடிந்தது.

காரியம் முடிந்த மறுநாள் போன்கூட வரவில்லை. நேராக வேனே நாகரசம்பட்டிக்கு வந்து எங்கள் வாசலில் ஹாரன் அடித்தது. பாய்ந்து போய்க் கத்தினேன். "செத்தவரக் கூட்டிட்டுப் போகவாய்யா வந்தீங்க?"

டிரைவர் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார். அப்பாவோடு ரொம்ப நாளாக டயாலிசிஸுக்குப் போய்வந்த போச்சம்பள்ளி ஜவுளிக்கடை பாய் உள்ளே இருந்தார். "தேறி வீட்டுக்கு வந்துட்டாருன்னு நெனச்சு சந்தோசமா வந்தேனே தம்பி" என்றார். அதற்குமேல் எனக்குக் கத்த வரவில்லை.

அதற்குள் அம்மா பிளாஸ்க்கோடு வந்து வேனில் ஏறினாள்.

"எறங்கும்மா! நேத்துதான் காரியம் முடிஞ்சுது. ஊரு என்ன பேசும்?"

"பாய்க்குக் கூட இருக்க ஆளில்ல. உங்கப்பாவோட சேத்து அவரையும் நான்தான பாத்துக்கிட்டேன்? பேசறவங்கள வந்து பக்கத்துல உக்காரச் சொல்லு."

வேன் கிளம்பிவிட்டது.

இன்றும் அது வாரம் இரண்டு முறை வருகிறது. போனும் வருகிறது. "அப்பா ரெடியா சார்?" என்று கேட்கிறார்கள். விளக்கி விளக்கி எனக்கு அலுத்துவிட்டது. "அம்மா ரெடி" என்று சொல்லி வைத்துவிடுகிறேன்.