வேலை வாங்கத் தெரிந்தவள்

ஈரப் பெட்ஷீட்டை உதறுவதில் நெட்டையக்காவை மிஞ்ச எங்கள் லாண்டரியில் ஆள் கிடையாது. ஆஸ்பத்திரிகளுக்கும் ஹோட்டல்களுக்கும் துவைத்துக் கொடுக்கிற பெரிய லாண்டரி அது. பிழிந்து வரும் ஷீட்டை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, தலைக்கு மேலே தூக்கி ஓர் உதறு உதறி, சுருக்கம் போனதும் ரோலருக்குள் விட வேண்டும். ரோலர் என்றால் ஆள் நீளத்துக்கு இருக்கும் சூடான உருளைகள். உதறாமல் விட்டால் சுருக்கம் அப்படியே வெந்து, கத்தி வைத்துக் கீறியது போல் மடிப்பு விழுந்து வெளியே வரும். பிறகு அதைத் திரும்ப நனைத்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நெட்டையக்காவுக்கு ஜோடி அவளுடைய அண்ணன் மனைவி. அவள் அண்ணி என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு லாண்டரி முழுக்க எல்லோருக்கும் அவர் அண்ணிதான். நெட்டையக்காவின் தோளுயரம்கூட இருக்க மாட்டார். ஏணியும் முக்காலியும் போகிறது என்று அவர்களைக் கேலி செய்வோம். ஆனால் அந்த ஏணியும் முக்காலியும் விடுகிற வேகத்துக்கு எந்த ஜோடியும் வந்ததில்லை.

அண்ணியின் வலது கை தோளுக்கு மேலே எழாது. எப்போதோ தள்ளுவண்டியிலிருந்து சரிந்த ஈர மூட்டையைத் தாங்கப் போய் வந்த வினை. ஆபீசில் சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று சொல்லவில்லை. உதறும்போது நெட்டையக்கா தன் பக்கத்திலிருந்தே ஷீட்டை ஒரு சுண்டு சுண்டுவாள். அது அலைபோல் எழும்பி அண்ணியின் பக்கம் போய் விழும். அண்ணி நெஞ்சுக்கு நேரே முனைகளைப் பிடித்துக்கொண்டு நின்றால் போதும். பார்ப்பவர்களுக்கு இரண்டு பேரும் உதறுவது போலவே இருக்கும். நான் வாயைத் திறக்கிற ஆள் இல்லை, கண்ணைத் திறந்து வைத்திருக்கிற ஆள். எனக்கே அது தெரியாமல் இருந்தது.

பழைய சூப்பர்வைசர் வேலையை விட்டுப் போனதும் மேனேஜர் நெட்டையக்காவைக் கூப்பிட்டார். வயதில் அவளைவிடச் சின்னவர். எந்நேரமும் கையில் ஒரு தண்ணீர் பாட்டில் இருக்கும். "உங்க ஸ்பீடை இத்தனை பேருக்கும் கத்துக் குடுங்க, போதும்" என்றாராம். வேலை செய்யத் தெரிந்தவளுக்கு வேலை வாங்கவும் தெரியும் என்று அவர் நினைத்துவிட்டார்.

நான் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிற ஒற்றை அறையில் குடியிருக்கிறேன். குழாயடி இரண்டு வீட்டுக்கும் பொது. அன்று சாயங்காலம் நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது இரண்டு பேரும் துணி அலசியபடி பேசிக்கொண்டிருந்தார்கள்.

"வேணாம்னு சொல்லிடறேன் அண்ணி."

"ஏன், பயமா இருக்கா?"

"உங்க கைய வெச்சுக்கிட்டு எப்படி அண்ணி?"

"என் கைய நான் பாத்துக்கறேன். இத்தனை வருஷமா இந்த வீட்டுல ஒரு மூலையில கெடக்கறே. உங்க அண்ணன் என்னிக்காவது உன் முகத்தப் பாத்துப் பேசியிருக்காரா? போடி, போய் சரின்னு சொல்லு."

அது உண்மைதான். புருஷன் வேண்டாமென்று அனுப்பியபோது நெட்டையக்கா ஒரே ஒரு பையோடுதான் வந்தாள். இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகட்டும் என்றார் அண்ணன். அண்ணிதான் தன் பாயில் பாதியைக் கொடுத்து, லாண்டரிக்கும் கையோடு கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டார்.

சூப்பர்வைசருக்கு நீலக் கோட்டு கொடுப்பார்கள். நெட்டையக்காவுக்கு அது கை எட்டவில்லை. மணிக்கட்டுக்கு மேலே ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கைகளை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. பின்னால் கட்டுவாள், பாக்கெட்டில் விடுவாள், கொஞ்ச நேரத்தில் யாருடைய வேலையிலாவது போய் விழுந்துவிடுவாள்.

எங்கள் ஆட்களுக்குச் சொல்லித்தரவா வேண்டும்? இரண்டே நாளில் நாடி பிடித்துவிட்டார்கள்.

"நெட்டையக்கா, இந்த வண்டி நகரவே மாட்டேங்குது."

அவள் வந்து தள்ளுவாள்.

"அக்கா, இது எப்படி மடிக்கறதுன்னு மறந்தே போச்சு. ஒரு தடவை காட்டுங்களேன்."

ஒரு தடவை காட்டப் போய் ஒரு குவியலையே மடித்துவிட்டு நிமிர்வாள். அதற்குள் கேட்டவள் சுவரில் சாய்ந்து பல் குத்திக்கொண்டிருப்பாள். எங்களில் ஒருத்திக்கு ரேடியோ என்று பெயர். வாய் ஓயாது. "இவங்க சூப்பர்வைசரா, சூப்பர் வேலைக்காரியா?" என்று அவள் கேட்டாள். அந்தப் பக்கம் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நெட்டையக்காவும் சேர்ந்து சிரித்தாள். அங்கேதான் அவள் தப்பு செய்தாள். அதற்குப் பிறகு அவள் சொல்லை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 'இதோ வரேன்க்கா' என்பார்கள், வர மாட்டார்கள்.

அண்ணிக்கு ஜோடியாக என்னைத்தான் போட்டாள். முதல் ஷீட்டிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. என் பக்கம் மேலே போனது, அந்தப் பக்கம் செத்த மாதிரி தொங்கியது. அண்ணி என்னைப் பார்த்தார். நெட்டையக்காவைப் போலச் சுண்டிப் பார்த்தேன். எனக்கு அந்த நீளமும் இல்லை, அந்தப் பலமும் இல்லை. மூன்றுக்கு ஒன்று மடிப்போடு வந்தது.

அதனால் நெட்டையக்கா சும்மா அந்தப் பக்கம் போகிறவள் மாதிரி வந்து, அண்ணிக்குப் பின்னால் நின்று, இரண்டு கைகளையும் நீட்டி ஒரு சுண்டு சுண்டிவிட்டுப் போவாள். நாளுக்கு நாள் அவள் அங்கேயே நிற்பது அதிகமாயிற்று. மற்ற இடங்களில் வேலை தேங்கியது.

அந்தச் சமயத்தில்தான் மேனேஜர் அவளைத் தன் கண்ணாடி அறைக்குள் அழைத்தார். நான் வாசலுக்கு வெளியே உட்கார்ந்து தலையணை உறைகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். என்னை யாரும் ஓர் ஆளாக மதித்துக் கதவைச் சாத்துவதில்லை.

"நீங்க கைய வெச்சா அப்புறம் அது அவங்க வேலை இல்லைம்மா, உங்க வேலை. புரியுதா?"

"புரியுது சார்."

"இந்த மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன். முடியலைன்னா பழையபடி ரோலருக்கே போயிடுங்க. அதுல ஒண்ணும் கேவலம் இல்லை."

வெளியே வந்தவளின் முகம் வெளுத்திருந்தது. எனக்கு உள்ளூரச் சந்தோஷம். ரோலருக்குத் திரும்பிவிட்டால் அண்ணியின் கை தப்பிக்கும். நானும் பழைய இடத்துக்குப் போய்விடலாம். கோட்டைக் கழற்றினால் முடிந்தது விஷயம்.

மறுநாள் வேலைக்குப் போகிற வேனில் அவர்களுக்குப் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். அண்ணியின் தோள் ரவிக்கைக்குள் வீங்கி இருந்தது.

"திரும்பி வந்துடறியா? என்னால முடியலை" என்றார் அண்ணி. அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சை நான் கேட்டதே இல்லை.

நெட்டையக்கா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனபின், "நேத்து அண்ணன் எனக்கு நாற்காலிய நகர்த்திப் போட்டுச்சு, பாத்தீங்களா?" என்றாள்.

"பாத்தேன்."

"'ஒக்காரும்மா'ன்னுச்சு."

அண்ணி இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

மாதக் கடைசிக்கு இன்னும் சில நாள் இருக்கும்போது ஒரு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வழக்கத்தைவிட இரண்டு பங்கு மூட்டை வந்து இறங்கியது. ரோலர் பக்கம் எல்லோருக்கும் வியர்த்துக் கொட்டியது. நெட்டையக்கா வழக்கம்போல எங்களிடம் வந்து கை நீட்டினாள். அப்போது ரேடியோ கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்தாள். மேனேஜர் பாட்டிலோடு அந்தப் பக்கமாக வருவதைப் பார்த்துவிட்டுத்தான் வைத்தாள்.

"ஏங்க, எங்க ஷீட்டையும் வந்து உதறி விடறது! நாங்க என்ன தத்துப் பிள்ளைங்களா? அண்ணின்னா வெண்ணெய், நாங்கன்னா சுண்ணாம்பா?"

சிரிப்பு எழுந்தது. மேனேஜர் நின்றார். நெட்டையக்காவையே பார்த்தார். அவளும் அவரைப் பார்த்தாள். பிறகு எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். நீட்டியிருந்த கைகளை மெதுவாக இழுத்துக்கொண்டாள்.

"ரோலரை நிறுத்துங்க" என்றாள்.

உருளைகள் பெருமூச்சு விட்டு நின்றன. அந்தச் சத்தம் இல்லாமல் அந்த இடத்தை நான் பார்த்ததே இல்லை. குழாயில் தண்ணீர் சொட்டுவது கேட்டது.

"அண்ணி, ஒரு டபுள் ஷீட்டை எடுங்க. நீங்க மட்டும் உதறிக் காட்டுங்க."

அண்ணிக்குப் புரியவில்லை. "எதுக்கும்மா?"

"எல்லாரும் பாக்கட்டும்."

அண்ணி ஷீட்டை எடுத்தார். இடது கை மேலே போனது. வலது கை நெஞ்சோடு நின்றுவிட்டது. ஈரத் துணி பாரமாகத் தரையில் புரண்டது.

"ரெண்டு கையும்."

"வேணாம்டி" என்றார் அண்ணி, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில். பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"ரெண்டு கையும் தூக்குங்க அண்ணி."

அண்ணி உதட்டைக் கடித்துக்கொண்டு தூக்கினார். வலது கை தோளுக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றது. முகம் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டது. இடது கையால் வலது முழங்கையைத் தாங்கித் தூக்கப் பார்த்தார். அதற்கு இடது கை ஷீட்டை விட வேண்டியிருந்தது. ஷீட்டு சரிந்து அவர் தலையில் விழுந்து, முகத்தை மூடி, தரைக்கு வழிந்தது. அதற்குள்ளிருந்து வெளியே வர அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ரேடியோ இல்லை. அவள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

நெட்டையக்கா உதவிக்குப் போகவில்லை. கைகளைப் பின்னால் கட்டியிருந்தாள். அன்றுதான் அவை அங்கே ஆடாமல் இருந்தன.

"எவ்வளவு நாளா இப்படி?" என்று மேனேஜர் கேட்டார்.

"தெரியலை சார். எங்கிட்டயும் மறைச்சிருக்காங்க."

அண்ணி தலைமுடியிலிருந்து வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பதை நிறுத்தி அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆமா சார்" என்றார். "சூப்பர்வைசரம்மாவுக்கு எப்படித் தெரியும்?"

மேனேஜர் அண்ணியை அனுப்பிவிடலாம் என்றுதான் நினைத்தார். நெட்டையக்கா அவருக்கு வேறு வழி சொன்னாள். "அழுக்கு ரூம்ல ஆள் நிக்க மாட்டேங்குது சார். அங்க கைய மேலே தூக்கற வேலை இல்லை." ஆஸ்பத்திரி மூட்டைகளைப் பிரித்து, ரத்தம் பட்டது, மலம் பட்டது, வாந்தி பட்டது என்று தனித்தனியாகப் போடுகிற அறை அது. பஞ்சுக்குள் ஊசியும் வரும். போன வாரம் சேர்ந்தவள் இந்த வாரம் இருக்க மாட்டாள். மேனேஜருக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்துவிட்டது. "இதத்தான் உங்ககிட்ட எதிர்பார்த்தேன்" என்றார்.

உடனே, "ரோலரைப் போடுங்க. என்ன வேடிக்கை?" என்றாள் நெட்டையக்கா. குரலை உயர்த்தவில்லை. முதலில் குனிந்தவள் ரேடியோ.

சொந்த அண்ணிக்கே இது என்றால் நமக்கு என்ன என்பது எல்லோருக்கும் வெளிச்சமாகிவிட்டது. வண்டிகள் தானாக நகர்ந்தன. மடிக்க மறந்தவர்களுக்கு ஞாபகம் வந்தது. முழங்கால் வலிக்காரி நொண்டாமல் நடந்தாள். மூன்று மாதம் முழுகாமல் இருந்தவள் வயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். நெட்டையக்காவுக்கு எங்கள் உடம்புகள் அத்தனையும் தெரியும். இத்தனை காலம் எங்களோடு நின்றவள்தானே, யார் எதை எப்படி மறைப்பார்கள் என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மாதக் கடைசியில் அவளை நிரந்தரமாக்கினார்கள். ரோலரின் வேகத்தை ஒரு படி கூட்டியதும் அவள்தான். மேனேஜர் அப்படிச் செய்யச் சொல்லவே இல்லை.

வீட்டில் அண்ணன் சண்டை போடுவார் என்று நான் காத்திருந்தேன். குழாயடியில் முகம் கழுவிக்கொண்டே அவர் அண்ணியிடம் சொன்னார்: "வேலை போயிடலையில்ல? அப்புறம் என்ன மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கே? அவ மட்டும் இல்லேன்னா உன்ன எப்பவோ தொரத்தியிருப்பான்."

அண்ணி ஒரு வாரம்கூடத் தாங்க மாட்டார் என்று எல்லோரும் நினைத்தோம். தாங்கினார். ஒரு நாள்கூட லீவு போடவில்லை. நெட்டையக்காவும் அவர் போய்விடுவார் என்றுதான் எதிர்பார்த்திருக்க வேண்டும்.

சாப்பாட்டு நேரத்தில் சூப்பர்வைசருக்குத் தனி மேஜை. மணி அடித்ததும் அண்ணி அழுக்கு அறையிலிருந்து வருவார். சோப்புப் போட்டு நன்றாகத்தான் கழுவுவார். ஆனால் அந்த அறையின் வாடை கழுவினால் போவதில்லை. மருந்தும் ரத்தமும் புளித்த ஈரமும் கலந்து தலைமுடியில் ஏறிக்கொள்ளும். நாங்கள் எல்லோரும் தட்டைத் தூக்கிக்கொண்டு தள்ளி உட்காருவோம். அண்ணி நேராகப் போய் நெட்டையக்காவுக்கு எதிரே உட்காருவார். காலையில் தானே சமைத்துக் கட்டிய டப்பாவைத் திறப்பார். அந்த விரல்களாலேயே சோற்றைப் பிசைந்து, பாதிக்குமேல் அவள் தட்டில் வைப்பார்.

முதல் நாள் நெட்டையக்கா, "பசியில்லை அண்ணி" என்றாள்.

"வீட்டுல உங்க அண்ணன் கேப்பாரே. தங்கச்சி சாப்பிட்டாளான்னு இப்பல்லாம் தெனமும் கேக்கறாரு. என்ன சொல்லட்டும்?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேனேஜர் உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் நாங்கள் அத்தனை பேரும் மெல்லுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். எழுந்து போக நெட்டையக்காவால் முடியவில்லை. ஒரு வாய் எடுத்து வைத்தாள். தொண்டை ஏறி இறங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது. அடுத்த வாயையும் எடுத்தாள்.

"இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க, சூப்பர்வைசரம்மா" என்றார் அண்ணி.

இன்றைக்கும் அப்படித்தான் நடந்தது. தட்டு காலியாகும்வரை அண்ணி எழுந்திருக்கவில்லை.