கடைசி ரீலில் அவள் திரும்பி வர மாட்டாள்

இன்று தி.நகரில் ஒரு விநியோகஸ்தரைப் பார்க்கப் போனேன். ஒரு பிரெஞ்சு நிறுவனத்தோடு சேர்ந்து எடுத்த என் முதல் படத்தை இங்கே வெளியிட வேண்டுமே. கூட அமீனா வந்திருந்தாள். சைதாப்பேட்டை கோர்ட்டில் டைப்பிஸ்ட். படத்தின் கதாநாயகி அவள்தான்.

"அங்க பட விழாவுல பாதிப் பேர் எழுந்து போயிட்டாங்களாமே?" என்றார் அவர்.

"ஆமா சார். மீதிப் பேர் கடைசியில எழுந்து நின்னு கைதட்டினாங்க."

"சரிம்மா. அடிக்கிற புருஷன விட்டுட்டுப் போறா, போகட்டும். கடைசி ரீல்ல திரும்பி வந்துடட்டும். உடனே ரிலீஸ் பண்ணிடலாம்."

மூன்று வருட உழைப்பு. ஒரு நிமிடம் எனக்கே சபலம் தட்டியது.

அமீனா முந்திக்கொண்டாள். "இன்னா சார் பேசறீங்க? திரும்பிப் போறதுக்கா நான் ஷூட்டிங்ல அந்த வெயில்ல அவ்ளோ தூரம் நடந்தேன்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒரு ஷாட்கூட மாத்த மாட்டேன் சார்" என்று சொல்லிவிட்டு ரீல் பெட்டியைத் தூக்கினேன். மறுபக்கத்தை அவள் பிடித்துக்கொண்டாள்.

இனி நாங்களே காட்டப்போகிறோம். ஞாயிறு காலை பத்து மணி, மயிலாப்பூரில் எங்கள் தெரு நூலகத்தின் மாடி. படத்தில் பாட்டு கிடையாது. ஆனால் பக்கத்து மண்டபத்தில் அன்று கல்யாணம், நாதஸ்வரம் தாராளமாகக் கேட்கும்.

இந்த ஈமெயில் கிடைத்தவர்களில் யார் யார் வருகிறீர்கள்?