வாசலைப் பார்த்து நின்ற பீரோ

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை. மாத்திரை அட்டையில் தேதி முடிந்துவிட்டதா என்று பார்ப்பது, கரண்டு ஆபீசிலிருந்து வரும் சீட்டை வாசிப்பது, பேருந்து நிலையத்தில் பலகையைப் பார்த்து இதுதான் பேரையூர் வண்டி என்று சொல்வது எல்லாம் ஐந்தாம் வகுப்பிலிருந்தே என் வேலை. அப்பா காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்குகிறவர். அம்மா ஒரு பெண்கள் விடுதியில் சமையல் செய்தாள். இரண்டு பேருக்கும் எழுத்து தெரியாது. அதனால் வீட்டில் எதையும் என்னைக் கேட்டுத்தான் செய்வார்கள். கேட்காத விஷயங்களிலும் நான் சொல்லிவிடுவேன்.

ஆனையூரில் எங்கள் வீடு இரண்டே அறை. முன்னறையில் ஒரு பெஞ்சு, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, டிவி, அரசாங்கம் கொடுத்த மேசை விசிறி. இவை எல்லாவற்றையும் ஒன்றுமில்லாமல் ஆக்கிக்கொண்டு வாசலுக்கு நேர் எதிரே ஒரு பீரோ நின்றது. மயில் கழுத்துப் பச்சை. ஒரு கதவில் நிலைக்கண்ணாடி, இன்னொரு கதவில் தாமரைக் குளமும் இரண்டு அன்னங்களும். அன்னங்களின் கழுத்து வாத்துக் கழுத்தாகத்தான் வந்திருந்தது. இவற்றுக்கெல்லாம் மேலே, கொட்டை கொட்டையான மஞ்சள் எழுத்தில், பூப்புனித நீராட்டு விழா, தாய்மாமன் அன்பளிப்பு என்று எழுதி, அதற்குக் கீழே மாமாவின் பெயரும் ஊரும்.

நான் ஏழாம் வகுப்பில் வயதுக்கு வந்தபோது மாமா கொண்டுவந்த சீர் அது. அம்மாவுக்கு ஒரே தம்பி. பேரையூர்ப் பக்கம் வானம் பார்த்த காட்டில் விவசாயம். அதற்கு முந்தின வருஷம் மழை இல்லாததால் போர்வெல் போடும் லாரியோடு ஆந்திராவுக்குப் போய், எட்டு மாதம் கல்தூளைத் தின்றுவிட்டு வந்து அந்தப் பீரோவை வாங்கினார். குட்டி யானை லோடு வண்டியில் அதை நிறுத்தி, தானும் பின்னால் நின்று பிடித்துக்கொண்டு, கொட்டுச் சத்தத்தோடு தெருவுக்குள் வந்தார். இறக்கி வைத்ததும் அம்மா என்னைக் கூப்பிட்டு எழுத்தை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். இன்னொரு தடவை வாசி என்றாள். மூன்றாவது தடவையும் வாசிக்கச் சொன்னாள். கூட்டத்துக்கு முன்னால் என் படிப்பைக் காட்டுகிறாள் என்று நினைத்து, மூன்றாவது தடவை இன்னும் சத்தமாக வாசித்தேன்.

பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. வீட்டுக்குள் கால் வைக்கிற ஒவ்வொருவருக்கும், கேஸ் சிலிண்டர் போடுகிற ஆள் உட்பட, நான் வயதுக்கு வந்த செய்தியை அந்தப் பீரோ அறிவித்துக்கொண்டே இருந்தது. அடுத்த தெருவில் இருந்த அத்தை, அப்பாவின் தங்கை, அடிக்கடி வருவாள். அவளுடைய சின்னப் பையன்கள் இரண்டு பேரும் அப்போதுதான் எழுத்துக்கூட்டப் பழகினார்கள். வந்ததும் பீரோவுக்கு முன்னால் நின்று, பூ, பூப், பூப்பு என்று ஆரம்பித்து மாமாவின் ஊர் வரைக்கும் கத்தி முடிப்பார்கள். எனக்கு உடம்பு கூசும். அத்தைக்கும் அது பிடிக்காது. போதும்டா, வேற ஒண்ணும் படிக்கக் கெடைக்கலையா என்று பிடரியில் தட்டுவாள். அத்தையும் நானும் ஒத்துப்போன ஒரே இடம் அதுதான். அம்மா மட்டும் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, படிக்கட்டும் மதினி, பிள்ளைகளுக்கு நல்லதுதானே என்பாள்.

வெள்ளிக்கிழமை தோறும் அம்மா ஈரத்துணியால் அந்த எழுத்துகளைத் துடைத்து, ஓரத்தில் சந்தனமும் குங்குமமும் வைப்பாள். பீரோவை உள்ளறைக்குக் கொண்டுபோகலாம் என்று நான் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் என் பேச்சைக் கேட்ட அம்மா இதில் மட்டும் கேட்கவில்லை. காரணமும் சொல்லவில்லை. அங்கயே இருக்கட்டும் என்பதோடு சரி.

எட்டாம் வகுப்பில் எனக்கு ஒரு தோழி கிடைத்தாள். அவளுடைய அம்மா ஒரு கிறிஸ்தவப் பள்ளியில் டீச்சர். கிறிஸ்துமஸுக்கு என்னை அவர்கள் வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். அந்த வீட்டைப் பார்த்துவிட்டு எனக்குக் கேக் இறங்கவில்லை. மூன்று சுவர் யானைத்தந்த நிறம், ஒரே ஒரு சுவர் மட்டும் இளம்பச்சை. அந்தச் சுவருக்குப் பொருத்தமாகத் திரைச்சீலை, அதற்குப் பொருத்தமாகப் பிரம்பு நாற்காலியில் ஒரு மெத்தை. பீரோ எங்கே என்று கண்ணாலேயே தேடினேன். படுக்கையறையில், சுவரோடு சுவராக, இருக்கிற இடமே தெரியாமல் இருந்தது. அதில் யார் பெயரும் இல்லை. ஒரு ரூமுக்குள்ள ஒண்ணுதான்மா கண்ணுல படணும், மத்ததெல்லாம் அதுக்கு அடங்கி இருக்கணும் என்று டீச்சர் சொன்னார்கள். வீட்டுக்கு வந்ததும் அதை அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்தேன். அவர்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போது, பொங்கலுக்கு உங்க வீட்டுக்கு நாங்க வரணும்ல என்று தோழி சொன்னாள். அந்த நிமிஷத்திலிருந்து எனக்குத் தூக்கம் போனது.

பொங்கலுக்கு வெள்ளை அடிக்கும் நேரம். அப்பா வழக்கம்போல ரோஸ் வாங்க இருந்தார். நான் கடைக்குக் கூடவே போய் அட்டையில் இருந்த நிறங்களில் விரல் வைத்துத் தந்த நிறத்தையும் இளம்பச்சையையும் எடுத்தேன். இது அழுக்கு வெள்ளையா இருக்கே என்று அப்பா தயங்கினார். இதுதான் இப்போது ரசனை என்றேன். படித்த பிள்ளை சொல்கிறது என்று அவர் வாங்கிவிட்டார். அப்பாவும் அம்மாவும் ஸ்டூல் போட்டு அடித்தார்கள், நான் கீழே நின்று எந்தச் சுவர் என்று சொன்னேன். அம்மாவின் பழைய புடவையைக் கிழித்துத் திரைச்சீலை தைத்தேன். தெய்வப் படங்களை ஒரே வரிசைக்குக் கொண்டுவந்தேன். உண்மையைச் சொன்னால் அறை நன்றாகத்தான் வந்தது. சுவர்கள் அடங்க அடங்க, பீரோதான் முன்னைவிடப் பச்சையாகத் தெரிந்தது.

தோழி ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தாள். சனிக்கிழமை அப்பா சந்தைக்கும் அம்மா விடுதிக்கும் போன பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு, ஜன்னலுக்கென்று சொல்லி வாங்கியிருந்த வெள்ளை எனாமல் பெயிண்ட் டப்பாவைத் திறந்தேன். அன்னங்கள் ஒரே பூச்சில் மறைந்தன. எழுத்து மறையவில்லை. இரண்டு பூச்சு அடித்தும் வெள்ளைக்கு அடியிலிருந்து மஞ்சள் எட்டிப் பார்த்தது. கடைக்கு ஓடிப்போய் உப்புத்தாள் வாங்கிவந்து தேய்த்தேன். பெயிண்டர் அழுத்தி எழுதியிருந்தான். மாமாவின் பெயரைத் தேய்த்து முடிக்க எனக்குக் கை வலித்தது. அப்புறம் மூன்றாவது பூச்சு.

அம்மா சாயங்காலம் வந்தாள். செருப்பைக் கழற்றியவள் வாசலிலேயே நின்றாள். வீடு முழுக்கப் பெயிண்ட் வாடை. அவள் கத்துவாள் என்று நான் பதில்களோடு தயாராக இருந்தேன்.

“எழுத்து எங்கடி?” என்றாள்.

தேய்த்துவிட்டதாகச் சொன்னேன்.

“அம்புட்டையுமா?”

நான் என் பிரசங்கத்தை ஆரம்பித்தேன். நல்ல வீடுகளில் பீரோவில் யாரும் பேர் எழுதுவதில்லை. கொடுத்ததை எழுதிக் காட்டுவது நாகரிகம் இல்லை. மாமாவுக்குப் பெருமை வேண்டுமென்றால் அவர் வீட்டுச் சுவரில் எழுதிக்கொள்ளட்டும், என் மானத்தில் எழுத வேண்டாம். இந்தக் கடைசி வாக்கியம் எனக்கே மிகவும் பிடித்திருந்தது. அம்மா போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தோழியும் டீச்சரும் வந்தார்கள். அடடா, எவ்வளவு நீட்டா வச்சிருக்கீங்க என்று டீச்சர் சொன்னபோது நான் தரையில் இல்லை. அத்தையும் விருந்தாளிகளைப் பார்க்க வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். அம்மா கோழிக்குழம்பு வைத்திருந்தாள். யாருக்காக என்று நான் யோசிக்கவில்லை. அந்த நேரத்தில்தான் வாசலில் கரும்புக்கட்டு உரசுகிற சத்தம் கேட்டது. தோளில் கரும்பும், கையில் பித்தளைப் பானையும் மஞ்சள்கொத்தும், அக்குளில் அரிசிப் பையுமாக மாமா நின்றார். பொங்கல் சீர் கொண்டுவந்திருக்கிறார். மூன்று வண்டி மாறி வந்த வேர்வை. எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தவர் பீரோவைப் பார்த்தார்.

சரியாக அப்போது தோழி கேட்டாள்.

“பீரோ புதுசாடி?”

மாமா கொடுத்தது என்று சொன்னால் எதற்குக் கொடுத்தார் என்று அடுத்த கேள்வி வரும். டீச்சர் முன்னால் அந்தப் பதிலைச் சொல்ல என்னால் முடியாது. ஒரு நொடிகூட ஆகவில்லை.

“ஆமா. அப்பா வாங்குனது.”

அம்மா அடுக்களை வாசலில் தண்ணீர்ச் செம்போடு நின்றிருந்தாள். என்னைத்தான் பார்த்தாள். பார்க்காத மாதிரி திரைச்சீலையைச் சரி செய்தேன்.

அத்தை பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். அந்தப் பீரோ தெருவுக்குள் வந்த அன்று அவளும்தான் ஆரத்தித் தட்டோடு நின்றாள். “கேட்டீகளா டீச்சர்,” என்றாள். “இந்த வீட்ல ஒரு ஆணி இருந்தாலும் அது எங்கண்ணே மூட்டை தூக்கி அடிச்சதுதான். நாஞ் சொன்னா ஆகாது. படிச்ச புள்ளையே சொல்லிருச்சு. படிச்ச புள்ள பொய் சொல்லுமா?”

அம்மா வாயைத் திறந்தாள். மாமா அவளைப் பார்த்து, யாருக்கும் தெரியாமல், இடுப்புக்குக் கீழே கையை லேசாக அசைத்தார். பிறகு பீரோவின் பக்கத்தில் போய், எழுத்து இருந்த இடத்தில் விரல் வைத்தார். பெயிண்ட் முழுக்கக் காயவில்லை. விரலைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

“மச்சான் நல்ல பீரோவாத்தான் எடுத்திருக்காக,” என்றார். என்னைப் பார்த்துச் சிரித்தார். “வீடு வெள்ளக்காரன் வீடு கணக்கா இருக்கு தாயி.”

சாப்பிட்டுப் போகச் சொல்லி அம்மா கையைப் பிடித்தாள். ஒன்றரை மணி வண்டியை விட்டால் அடுத்தது சாயங்காலம்தான், மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆள் இல்லை என்று ஏதோ சொன்னார். தண்ணீர் மட்டும் குடித்தார். “வாரேங்க்கா” என்று கிளம்பினார். அம்மா பின்னாலேயே போய்த் தெருமுனையில் நின்றாள். கோழிக்குழம்பை டீச்சரும் தோழியும் சாப்பிட்டார்கள். ருசியாக இருக்கிறது என்று இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள்.

அவர்கள் போன பிறகு பீரோவைப் பார்த்தேன். மாமாவின் விரல் பட்ட இடத்தில் ரேகை பதிந்திருந்தது. வெளிச்சத்தில் நன்றாகவே தெரிந்தது. டப்பாவில் மிச்சம் இருந்ததைத் தொட்டு அதன் மேலும் அடித்துவிட்டேன்.

அந்தப் பொய் எனக்குப் பல வருஷம் உறுத்தியது. ஆனால் பெயரை அழித்தது உறுத்தவில்லை. பொய் தப்பு, ரசனை சரி என்று பிரித்து வைத்திருந்தேன். இப்போது நான் வேலைக்குப் போகிறேன். போன வருஷம் என் சம்பளத்தில் அதே வீட்டுக்குப் பெயிண்ட் அடித்தபோது, சாமான்களை நகர்த்த மாமா வந்தார். அம்மா பால் வாங்கப் போயிருந்த நேரம், பீரோவின் ஒரு பக்கத்தை அவரும் ஒரு பக்கத்தை நானும் பிடித்திருந்தோம். அந்த வயதில் கொஞ்சம் கொழுப்பு, உங்கள் பெயரை அழித்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன். பெரிய மனசோடு சொல்வதாகத்தான் நினைப்பு.

மாமா பீரோவைக் கீழே வைத்தார்.

“எம் பேரையா?” என்றார். “நான் எங்கிட்டு தாயி எழுதச் சொன்னேன்? எனக்கு அதெல்லாம் கூச்சம். ஒங்கம்மாதான் பேரையூருக்கே வந்து, கடையில நின்னு, இம்புட்டுப் பெருசா எழுதுன்னு பெயிண்டர்ட்ட கைய விரிச்சுக் காட்டுச்சு. அவன் எழுதி முடிக்கிற வரைக்கும் வெயில விட்டு நகரல. அவன் என்னத்த எழுதுனானோன்னு பஸ் ஏறுற வரைக்கும் அதுக்கு ஒரே கவலை. நீ வாசிச்சுக் காட்டுன பெறகுதான் மூஞ்சி தெளிஞ்சுச்சு.”

எதற்கு என்று நான் கேட்டேன். என்னைவிட வயதான ஒருவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

“ஒங்கம்மா வெறுங்கையோட வந்தவன்னு பேச்சு இருந்துச்சுல்ல.”

இருந்தது. அத்தை வந்தால் ஒரு தடவையாவது சொல்வாள். எங்கள் அம்மா கட்டின புடவையோடும் ஒரு தகரப் பெட்டியோடும் இந்த வீட்டுக்கு வந்தாள் என்று. கிரைண்டர் ஓடுகிற சத்தம் போல அது எனக்குப் பழகிவிட்டிருந்தது. அந்தப் பேச்சு, யோசித்துப் பார்த்தால், பீரோ வந்த பிறகு ஒன்றரை வருஷம் நின்றிருந்தது. அத்தையின் பையன்களே நின்று படிக்கும்போது அவள் எப்படிச் சொல்வாள்? படிக்கத் தெரியாத என் அம்மா, படிக்கத் தெரிந்தவர்களை நம்பி, தன் தரப்பு வார்த்தையை வாசலைப் பார்த்து எழுதி வைத்திருந்தாள். அதை அவளுக்கு முதலில் வாசித்துக் காட்டியவளும் நான்தான்.

அந்தப் பொங்கல் முடிந்த இரண்டாம் நாள் நடந்ததை மட்டும் இன்னும் நான் யாரிடமும் சொன்னதில்லை. அம்மா அப்பாவைக் கூப்பிட்டு, பீரோவை உள்ளறைக்குத் தள்ளிவிடலாம், அது இங்கே எதற்கு என்றாள். எனக்கு ஒரே சந்தோஷம். அம்மாவுக்கும் ரசனை வந்துவிட்டது என்று நினைத்தேன். இருவரும் மூச்சு வாங்கத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் முன்னால் நடந்து, சுவரில் இடித்துவிடாதீர்கள், இன்னும் கொஞ்சம் இடது பக்கம், இன்னும் கொஞ்சம் உள்ளே என்று வழி சொல்லிக்கொண்டே போனேன்.