தையல்காரர் பையைப் பார்த்துக்கொள்வார்

பேருந்து நிலையத்திலிருந்து தூரத்து வண்டியின் நீண்ட ஹாரன் கேட்டால் போதும், தையல்காரரின் வலது கால் மிதியிலிருந்து இறங்கி, மேசைக்கடியில் கிடக்கும் வெட்டுத்துணிக் கூடையைச் சுவரோரமாகத் தள்ளிவிடும். இடது கால் மிதித்துக்கொண்டே இருக்கும். கண் ஊசியை விட்டு நகராது. கூடை நகர்ந்த இடத்தில் இரண்டு பெரிய பைகள் நிற்கலாம். அவருடைய மகள் பள்ளிக்கூட நாளிலிருந்தே இதைப் பார்த்துவந்தாள். கேட்டால், "எந்தக் கால்? என் காலா?" என்று அவரே ஆச்சரியப்படுவார்.

அந்தக் காலைப் பழக்கியது ஒரு புத்தகம்.

ஒரு நாள் வார் அறுந்த முதுகுப்பையோடு தமிழ் தெரியாத வெளியூர்ப் பெண் ஒருத்தி கடைக்கு வந்தாள். வாரைத் தைத்து வாங்கியவள், பை இங்கேயே இருக்கட்டும், அறை பார்த்துவிட்டு வருகிறேன் என்று சைகையில் சொன்னாள். அவரும் தலையாட்டினார். திரும்பி வந்து அதற்கும் காசு நீட்டினாள். மூட்டை சும்மா உட்கார்ந்திருந்ததற்கு என்ன கூலி என்று அவர் கையை விரித்துவிட்டார். அத்தோடு அவளை மறந்தும் போனார்.

இரண்டு வருடம் கழித்து, முன்பின் தெரியாத ஒருவன் நேராகக் கடைக்குள் வந்து பையை இறக்கினான், சிரித்தான், போய்விட்டான். அடுத்த வாரம் இரண்டு பேர். "இது தையல்கடையா, ரயில்வே ஸ்டேஷனா?" என்று கேட்டாள் தையல்காரரின் மனைவி. அவள் பின்னறையில் லாட்ஜுகளுக்குத் திரைச்சீலையும் தலையணை உறையும் தைப்பவள். அதற்கடுத்து வந்தவன்தான் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினான். எட்டாம் வகுப்பில் இருந்த மகள் ஆங்கிலத்தை விரல் வைத்துக் கூட்டி வாசித்தாள்.

முதல்முறை தனியாகக் கிளம்பி வருகிறவர்கள் குறைந்த செலவில் அந்தக் கடற்கரையைப் பார்ப்பதற்கென்று போட்ட புத்தகம் அது. 'பேருந்தை விட்டு இறங்கியதும் யாரோடும் பேரம் பேசாதீர்கள். முதுகில் மூட்டையைக் கண்டால் அறை வாடகை ஏறும். நேராக நடந்தால் நீலக் கதவு போட்ட தையல்கடை வரும். தையல்காரர் பையைப் பார்த்துக்கொள்வார், காசு வாங்கமாட்டார். கைவீசி நடந்துபோய் நாலு அறைகளைப் பாருங்கள்.'

"இன்னொரு தடவை வாசிம்மா" என்றார் அப்பா. வாசித்தாள்.

"காசு வேணாம்னு எப்பங்க சொன்னீங்க?" என்றாள் அம்மா.

"ஒரே ஒரு தடவை. அந்தப் பொண்ணுகிட்ட."

"ஒரு தடவை சொன்னதை ஆயுசுக்கும் சேர்த்து எழுதிட்டாளா?"

"அச்சுல வந்துடுச்சே. இப்ப நான் முடியாதுன்னா, அவ பொய் எழுதினவளா ஆயிடுவா."

"அவ யாரு, உங்க அக்கா பொண்ணா?"

அவர் நூல் கோக்கக் குனிந்துகொண்டார். அன்றைக்குத் தொடங்கியது. கதவின் நீலம் வெளுத்தால் மறுபடி அதே நீலத்தைத் தேடி வாங்கிப் பூசினார். பேருந்து நிலையத்து ரூம் புரோக்கர் ஒருவர் அவ்வப்போது வாசலில் நின்று, "அண்ணே, ஊசியும் நூலும் உங்களுக்குப் போதாதா? எங்க வயித்தையும் சேர்த்துத் தைக்கணுமா?" என்று கேட்டுவிட்டுப் போவார். பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டே தையல்காரர் அதற்கும் சிரிப்பார்.

சிரிக்காதவள் அம்மா மட்டும்தான். அவள் கேட்டது பெரிய விஷயமில்லை. ஒரே ஒரு சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு அவரோடு கடற்கரைக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வரவேண்டும். கடல் நடந்துபோகும் தூரம்தான். அவர் விடியற்காலையில் தனியாகப் போய்வருவார், அவள் தன் தங்கையோடு போய்வருவாள். கல்யாணமான புதிதில் சேர்ந்து போனதுதான். அதற்குப் பிறகு முதலில் வேலை விடவில்லை; புத்தகம் வந்ததிலிருந்து உள்ளே எப்போதும் யாருடைய பையாவது இருந்தது.

"ஊர் உலகத்தையெல்லாம் கடலுக்கு அனுப்பி வைக்கிறீங்க. கட்டினவளைக் கூட்டிட்டுப் போக நேரமில்ல."

"போகலாம். கடல் எங்கயும் ஓடிடாது."

"நான் ஓடிடுவேன்."

மகள் கல்லூரிக்கு வேறு ஊர் போனாள். அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள். விடுதி அறையில் இருந்துகொண்டு அப்பாவைப் பற்றி நிறைய யோசித்தாள். அவர் நல்லவரா, மறுக்கத் தெரியாதவரா? இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே இருக்கிறது? அவளும் மற்றவர்களுக்கு நோட்ஸ் எழுதிக் கொடுத்துவிட்டுத் தன் வேலையை அரைகுறையாக விடுகிறவள்தான். அதனால் அவளால் தீர்ப்பு எதுவும் சொல்ல முடியவில்லை.

அவள் விடுமுறைக்கு வந்திருந்த ஒரு மதியம், புத்தகத்தின் புதிய பதிப்புக்காகத் தகவல் சரிபார்க்கிற ஆள் வந்தான். பைகளை இன்னமும் பார்த்துக்கொள்கிறார்களா என்று மகளிடம் கேட்டான். அவள் அதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அம்மா பின்னறையிலிருந்து வந்துவிட்டாள்.

"எடுத்துடச் சொல்லு" என்றாள்.

மகள் அப்பாவைப் பார்த்தாள். அவர் சட்டைக் காலரின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "அம்மா சொன்னதைச் சொல்லு."

சொன்னாள். அந்த ஆள் வரியை அடித்துக்கொண்டான். கிளம்பப் போனவனை அப்பா நிறுத்தச் சொன்னார். "கதவு நீலம்னு போட்டிருக்காங்கல்ல, அது மட்டும் இருக்கட்டுமான்னு கேளு." அடையாளத்துக்கு அது இருக்கும் என்றான் அவன். அப்பாவின் முகம் தெளிந்ததைப் பார்த்தபோது, இத்தனை வருடமும் இந்த மனிதர் எதற்காக இதைச் செய்தார் என்று மகளுக்கு மறுபடியும் குழம்பிவிட்டது.

புதிய பதிப்பு வந்தது. பைகள் குறைந்தன, பிறகு நின்றன. அடுத்த விடுமுறையில் மகள் வீட்டிலிருந்தபோது, ஒரு பிற்பகலில் அப்பா தானாகவே மெஷினுக்கு உறை போட்டார். அம்மா பெட்டியில் கிடந்த புதுச் செருப்பை எடுத்து மாட்டினாள். நீலக் கதவுக்குப் பூட்டு விழுந்தது. இரண்டு பேரும் முன்னால் நடக்க, மகள் வேண்டுமென்றே நாலடி பின்னால் போனாள்.

தெருமுனையை எட்டும்போது பேருந்து நிலையத்திலிருந்து ஹாரன் கேட்டது. நடந்துகொண்டிருந்த அப்பாவின் வலது கால் ஒரு பக்கமாக இழுத்தது. அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "இங்க கூடையும் இல்ல, ஒண்ணும் இல்ல. நடங்க."

அப்போதுதான் அந்தப் பெண் எதிரே வந்தாள். அம்மாவின் வயதிருக்கும். முதுகில் அவளைவிடப் பெரிய பை. கையில் ஒட்டுப்போட்ட அட்டையோடு பழைய பதிப்பு. ஏதோ பழைய புத்தகக் கடையில் மலிவாக வாங்கியிருப்பாள். புதிய புத்தகத்துக்குச் செலவழிக்க மனமில்லாதவர்கள் கையில் அந்த அடித்த வரி அடிக்கப்படாமலே இருக்கும் என்பதை மூன்று பேரில் ஒருவரும் யோசிக்கவில்லை. கதவு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனவள் நீலக் கதவின் முன்னால் நின்றாள். பூட்டைப் பார்த்தாள். புத்தகத்தைப் பார்த்தாள். அப்புறம் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் பார்த்துக்கறேம்ப்பா. சாவியைக் குடுங்க. நீங்க போங்க" என்றாள் மகள்.

"அதுல தையல்காரர்னுதானம்மா போட்டிருக்கு. தையல்காரர் பொண்ணுன்னு இல்லையே." அவர் அம்மாவைப் பார்த்தார். "ஒரு மணி நேரத்துல அந்தம்மா வந்துடும். அப்புறம் போயிடலாம்."

அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தாள்.

பையைக் கடையில் விட்டுப்போன அந்தப் பெண் இருட்டியபிறகுதான் வந்தாள். நிதானமாக ஏழெட்டு அறை பார்த்து, பிடித்ததை நினைத்ததைவிடக் குறைவாகப் பேசி முடித்திருந்தாள். வாழ்க்கையில் முதன்முறையாகத் தனியாக வெளியூர் வந்திருப்பதாக மகளிடம் சொன்னாள். ஜன்னலைத் திறந்தால் கடல் தெரிகிறதாம். மகள் இதை அப்பாவுக்குச் சொன்னாள். அம்மாவுக்குச் சொல்லவில்லை.

"அடுத்த வாரம் கண்டிப்பாப் போறோம். இது என் வாக்கு" என்றார் அப்பா.

"என்கிட்ட குடுக்கிற வாக்கை எவளும் அச்சுல போடலியே" என்றாள் அம்மா. தலையணை உறைகளை மடித்து அடுக்குவதை அவள் நிறுத்தவில்லை.

அடுத்த வாரம் ஒரு லாட்ஜின் திரைச்சீலைகள் மொத்தமாக வந்தன. அதற்கடுத்து மழை பிடித்துக்கொண்டது. மழை விடுவதற்குள் தையல்காரருக்கு நெஞ்சில் வலி வந்தது. மருத்துவமனையில் இரண்டு நாள் படுத்திருந்தவர் வீட்டுக்குத் திரும்பவில்லை.

இப்போது கடையை அம்மா நடத்துகிறாள். மகளுக்கு வேலை வேறு ஊரில். போன முறை லீவில் வந்தவள் கடையைப் பூட்டி, அம்மாவைக் கையோடு கடற்கரைக்குக் கூட்டிப்போனாள். அம்மா மறுக்கவில்லை. மணலில் உட்கார்ந்தாள், காலை நனைத்தாள், காகிதக் கூம்பில் வேர்க்கடலை வாங்கித் தின்றாள். சந்தோஷமாகத்தான் இருந்தாள்.

"ஒருவழியா வந்துட்டம்ல?" என்றாள் மகள், ஏதோ தீர்ந்துவிட்டது போல.

அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இது நீ கூட்டிட்டு வந்தது. நல்லாத்தான் இருக்கு." கையில் ஒட்டிய கடலைத் தோலை ஊதினாள். "அவரு பாக்கி அப்படியே நிக்குது. அதை நீ குடுக்க முடியாது."

அலை வந்தது. புதுச் செருப்பு நனையாமல் இருக்க, அம்மா அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.