அடைப்புக்குறிக்குள் ஒரு பொய்க்கோபம்

விசைப்பலகையின் மேல் வரிசையில் நாலு விசைகள் கதாநாயகிக்கு. முதலாவதைத் தட்டினால் '(வெட்கத்துடன் தலைகுனிகிறாள்)' என்று திரையில் விழும். இரண்டாவது '(கண்கலங்க)'. மூன்றாவது '(பொய்க்கோபத்துடன்)'. நான்காவது வசனமே: "ஐயோ, கையை விடுங்க, யாராவது பாத்துடப் போறாங்க!" கையைப் பிடித்ததில் அவளுக்கு ஆட்சேபணை இல்லை, பார்ப்பவர்கள்தான் தொல்லை. இந்த நாலையும் மாற்றி மாற்றித் தட்டியே ஒரு காதல் படத்தின் கதாநாயகியை மத்தியானத்துக்குள் முடித்துவிடுவாள் டைப்பக்கா. கதாநாயகனுக்குத்தான் விரல் நோகும். அவன் அம்மாவிடம் பேசுவான், நண்பனிடம் பேசுவான், ஆள் கிடைக்காவிட்டால் நிலாவிடம் பேசுவான்.

சினிமா எழுத்தாளர்கள் கையால் கிறுக்கித் தரும் காட்சிகளை அடித்துக் கொடுப்பது அவள் தொழில். இருபத்திரண்டு வருடமாகிறது. வீட்டின் பின்பக்கத்துச் சின்ன அறையில் ஒரு மேசை, கணினி, தூசி படாமல் துண்டு போர்த்திய பிரிண்டர். கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள். அந்தத் தாழ்ப்பாள்தான் அவள் மூலதனம். கதை வெளியே கசிந்துவிடும் என்ற பயத்தில், கதவுள்ள அறை இருந்தால்தான் எழுத்தாளர்கள் தாளைக் கையிலேயே கொடுப்பார்கள். ஊருக்கே தெரிந்த கதைதானே, கசிந்தால் என்ன என்று அவள் ஒருநாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை.

மற்றதையெல்லாம் கேட்பாள். ஒருமுறை ஒரு எழுத்தாளருக்குப் போன் போட்டாள்.

"சார், இந்தப் பொண்ணு முப்பதாம் பக்கம் வரைக்கும் டாக்டரா இருந்துச்சு. அப்புறம் ஒரு நோயாளி கூட வரலையே?"

"லவ் வந்துடுச்சுல்லம்மா."

"சரிங்க சார், அதுக்கு ஒரு லீவு லெட்டராவது எழுதிக் குடுத்திருக்கலாம்."

போன செவ்வாய்க்கிழமை காலை, அவள் காபியை ஆற்றிக்கொண்டிருந்தபோது கணவர் சாவகாசமாகச் சொன்னார்:

"அக்கா வீட்டை இடிச்சுக் கட்டறாங்க. ஆறு மாசம் இங்க வந்து இருக்கட்டும்னு சொல்லிட்டேன். உன் ரூமை ஒழிச்சுக் குடுத்துடு. அந்த டப்பாவை ஹாலுக்குத் தூக்கிக்கோ."

"ஹாலுக்கா? டிவி பக்கத்துல உக்காந்து அடிச்சா யாருங்க எனக்கு வேலை குடுப்பாங்க? முடியாது."

"அடடா! கோவம் வந்தா மூக்கு எப்படிச் செவக்குது பாரு!"

இருபத்தேழு வருடத்தில் அவளுடைய எந்தக் கோபத்துக்கும் அவர் தந்த பதில் இது ஒன்றுதான். எந்தப் படத்தில் கற்றாரோ தெரியாது. அவளே அடித்துக் கொடுத்த படமாகவும் இருக்கலாம்.

காபியை அப்படியே வைத்துவிட்டுப் போய் அறையில் உட்கார்ந்தாள். முப்பத்துநாலாவது காட்சி. பஸ் நிறுத்தத்தில் கதாநாயகன் வழிமறித்துக் கையைப் பிடிக்கிறான். 'இன்னொரு தடவை என் பின்னாடி வந்தீங்கன்னா நல்லா இருக்காது' என்கிறாள் அவள். அன்று மூன்றாவது விசையின் நினைவே வரவில்லை. ஒவ்வொரு எழுத்தையும் குத்திக் குத்திக் கையாலேயே அடித்து முடித்து அனுப்பிவிட்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் அந்தக் காட்சியின் எழுத்தாளர் போனில் அலறினார்.

"என்னம்மா, 'பொய்'யை முழுங்கிட்டீங்களே! வெறும் 'கோபத்துடன்'னு இருக்கு. அந்தப் பொண்ணு புதுசு. ஷூட்டிங்ல பேப்பர்ல இருந்ததை அப்படியே செஞ்சுடுச்சு."

"என்ன செஞ்சுது சார்?"

"நிஜமாவே கோவப்பட்டுச்சும்மா! ஹீரோ கையை விட்டுட்டு ரெண்டடி பின்னால போயிட்டாரு. 'சாரிங்க'ன்னு வேற சொல்லிட்டாரு. அடுத்த சீன் டூயட்டு. எப்படிம்மா டூயட்டுக்குப் போறது?"

"போக முடியாதுங்களே."

"அதான் சொல்றேன்! ஒரு வார்த்தைல மொத்தப் படமும் படுத்துடுச்சு. மொதல்ல 'பொய்'யைப் போட்டு அனுப்புங்க."

போட்டாள். அனுப்பினாள்.

ஹாலில் கணவர் போனில் பேசுவது கேட்டது. "ஞாயித்துக்கெழம சாமானை ஏத்திடுக்கா. அவளா? ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவா, அப்புறம் அவளே வந்து பெட்டியைத் தூக்குவா. எல்லாம் சும்மா."

எழுந்து ஹாலுக்கு வந்தாள்.

"இப்படிக் குடுங்க."

எப்படியும் இறங்கி வந்துவிட்டாள் என்ற நிம்மதியில், சிரித்துக்கொண்டே போனைக் கொடுத்தார்.

"அண்ணி, நான்தான். அந்த ரூம்ல நான் வேலை பாக்கறேன், ஒழிச்சுத் தர முடியாது. நீங்க எப்ப வேணா வாங்க, போங்க. ரூமை மட்டும் கேக்காதீங்க."

நாத்தனாரின் குரல் போனுக்கு வெளியேயும் கேட்டது. "நீ சரின்னுட்டேன்னு சொன்னானே அவன்?"

"என்னைக் கேக்கவே இல்லை அண்ணி."

"பாத்தியா அவனை! மொதல்லயே தெரிஞ்சிருந்தா எதிர்வீட்டு மாடியை வேணாம்னு சொல்லியிருக்க மாட்டேனே. இரு, இன்னும் காலியாத்தான் இருக்கான்னு போய்க் கேக்கறேன். வச்சிடு."

வைத்தாள். கணவரிடம் அந்தச் சிரிப்பு இன்னும் பாக்கியிருந்தது. எங்கே கொண்டுபோய் வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. வெளிச்சம் மங்கியிருந்த ஹாலில், கழுத்தை முன்னால் நீட்டி, அவள் உதட்டோரம் எங்காவது ஒரு சிரிப்பு லேசாகத் துடிக்கிறதா என்று உற்றுத் தேடினார்.

அவள் முகத்தைத் திருப்பாமல், கையை மட்டும் நீட்டி விளக்கைப் போட்டாள்.