உறுமக்கூட விடாத வீடு

தெருவில் எல்லோரும் அவளைப் பிஸ்கட் அக்கா என்பார்கள். இடுப்பில் தொங்கும் துணிப்பையில் வேகவைத்த கோழித் துண்டுகள்தான் இருக்கும். பிஸ்கட்டை யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

முன்பு ஒரு கால்நடை மருத்துவமனையில் உதவியாளராக இருந்தாள். ஊசி போடும்போது நாய்களைப் பிடித்துக்கொள்வது அவள் வேலை. "கடிக்குது, முடிச்சிடுங்க" என்று கொண்டுவரப்பட்ட நாய்களையும் அவள் கைகள்தான் பிடித்தன. அவற்றில் பாதி, அடி வாங்கி வாங்கியே கெட்டவை. பொறுக்க முடியாமல் வேலையை உதறிவிட்டு, வீடு வீடாகப் போய் நாய் பழக்கத் தொடங்கினாள். அடி கிடையாது, கழுத்தை இறுக்கும் சங்கிலி கிடையாது. சரியாகச் செய்தால் ஒரு துண்டு. தவறினால் துண்டு இல்லை, அவ்வளவுதான்.

"லஞ்சம் குடுத்து நாய் வளக்கிறவ" என்று அவளைக் கேலி செய்வதில் முதல் ஆள் அவளுடைய அண்ணன். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். வருகிறவர்களைத் திட்டித் திட்டியே ஓட்டவைப்பவர்.

அந்த அண்ணன் வீட்டு நாய் குட்டைவாலன், ஒருநாள் காலையில் அண்ணியின் கையைக் கடித்துவிட்டது.

"சோத்துத் தட்ட எடுக்கக் குனிஞ்சேன். சத்தமே இல்ல, சட்டுனு கடிச்சிடுச்சு" என்று அண்ணி போனில் அழுதாள். "உங்க அண்ணன் ஊசி போட்டு முடிச்சிடலாங்கிறாரு."

பிஸ்கட் அக்கா அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாள். மாடிப்படிக்குக் கீழே நாய் சுவரோடு சுவராக ஒட்டிக் கிடந்தது. அண்ணன் கையில் பெல்ட்.

"முன்னாடி உறுமுமா?" என்று கேட்டாள்.

"தட்டுகிட்ட போனாலே உறுமும். உறுமுறப்பல்லாம் நாலு போட்டேன், நிறுத்திடுச்சு." சொல்லும்போது அவர் குரலில் பெருமை வேறு.

அவளுக்கு உச்சந்தலை வரை சூடேறியது. "அண்ணா, 'கிட்ட வராதே, பயமா இருக்கு'ன்னு சொல்ல அதுக்குத் தெரிஞ்சது அந்த உறுமல் ஒண்ணுதான். அதையும் அடிச்சே பிடுங்கிட்டே. அப்புறம் பல்லாலதானே சொல்லும்? அண்ணி கையில இருக்கிற காயம் நீ பண்ணினது!"

"எனக்கே பாடம் எடுக்கிறியா?"

"ஆமா, எடுக்கிறேன். பெல்ட்ட கீழ போடு."

நாயைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். அது சாப்பிடும்போது, பயந்து நிமிர்ந்து பார்க்காத அளவுக்குத் தள்ளி நின்று, தட்டை நோக்கி ஒரு கோழித் துண்டை எறிந்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவாள். ஆள் வந்தால் சோறு போய்விடும் என்ற பயம் போய், ஆள் வந்தால் கறி வரும் என்று அதற்குப் புரிய வேண்டும். தூரத்தை மெல்ல மெல்லக் குறைத்தாள். ஒருநாள் அவசரப்பட்டு ரொம்பக் கிட்டே போய்விட்டாள். குட்டைவாலன் உறுமியது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பேச்சு திரும்பிவிட்டதே!

"சரிடா ராசா, நான்தான் தப்பு" என்று பின்வாங்கினாள்.

மழைக்காலம் முடிவதற்குள், அவள் தட்டருகே வந்தாலே அந்தக் கொஞ்சூண்டு வால் ஆடத் தொடங்கியது. அப்போதுதான் அண்ணன் சங்கிலியோடு வந்து நின்றார், கூடவே அண்ணியும்.

"தேறிட்டானே! பாத்தியா, நான் போட்ட அடி இப்பதான் வேலை செய்யுது."

பிஸ்கட் அக்காவுக்கு அத்தனை கோபம். அவள் வாயைத் திறப்பதற்குள் அண்ணி முந்திக்கொண்டாள்.

"கடி வாங்கினது நான். நான் சொல்றேன், இவன் இங்கயே இருக்கட்டும். உங்க கை அடங்குற வரைக்கும் நம்ம வீட்டுக்கு வேணாம்."

"புருஷன்காரன்கிட்ட பேசுற பேச்சா இது?"

"இத்தன நாள் பேசாம இருந்ததுதான் தப்பு."

அண்ணன் கதவை அறைந்து சாத்திவிட்டுத் தனியாகப் போனார். இன்றைக்கும், தான் அடித்துத் திருத்திய நாய் என்றுதான் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார்.

அண்ணி மாலைகளில் வந்து தரையில் உட்கார்ந்து கோழித் துண்டு எறியப் பழகினாள். குட்டைவாலன் முதன்முதலாக அவள் உள்ளங்கையை நக்கியபோது சிரித்துக்கொண்டே அழுதாள். பிஸ்கட் அக்கா சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. அவளுக்கு அண்ணன் மேல் இன்னும் ஆத்திரம் தீரவில்லை.