திரிந்த பாலும் திரிய மறுத்த பாலும்

தொண்ணூறுகளின் கடைசியில், பெங்களூர் லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டு அடுப்படியில்தான் நானும் பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவும் இனிப்பு செய்து விற்க ஆரம்பித்தோம். சர்க்கரை, எசென்ஸ், கலர் எதுவும் கிடையாது. பழம், வெல்லம், பேரீச்சை, தேன் மட்டும்தான். தெருவில் இருந்த ஒரு ரிட்டையர்டு டீச்சர்தான் முதல் பெரிய ஆர்டர் கொடுத்தார். மகள் நிச்சயதார்த்தம், ஐம்பது பேருக்கு வாழைப்பழப் பாயசம்.

"மாப்ள வீட்ல கடை ஸ்வீட்ட தொட மாட்டாங்கம்மா. உங்கள நம்பி வேற எதுவுமே சொல்லல," என்றார்.

1. திரிந்த பால்

விசேஷம் மாலை ஐந்து மணிக்கு. காலை பத்து மணிக்கே பத்து லிட்டர் பால் சுண்டிக்கொண்டிருந்தது. பாலை இறக்கி ஆறவைத்த பிறகுதான் வெல்லப்பாகு ஊற்ற வேண்டும். இது இருவருக்கும் தெரியும். ஆனால் மாலை எந்தப் புடவை கட்டுவது என்ற பேச்சு மும்முரத்தில், கொதிக்கிற பாலிலேயே பாகை ஊற்றிவிட்டேன்.

அரை நிமிஷத்தில் பால் கட்டி கட்டியாகப் பிரிந்தது.

ஸ்டெல்லா எட்டிப் பார்த்தாள். "இன்னாக்கா, பாயசம் கேட்டா பனீர் குடுக்குற?"

அழத்தான் நினைத்தேன், சிரிப்பு வந்துவிட்டது. இருவரும் தரையில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தோம். பிறகு கடிகாரத்தைப் பார்த்தேன். அந்த நேரத்தில் மறுபடி பத்து லிட்டர் பாலுக்கு எங்கே போவது?

"கீழ ஊத்தாதக்கா. ஸ்வல்ப, கொஞ்சூண்டு, கிண்டிப் பாப்போம்," என்றாள்.

மாற்றி மாற்றிக் கிண்டினோம். தண்ணீர் வற்றியதும் மசித்த வாழைப்பழம், பேரீச்சை, நெய், ஏலக்காய் சேர்த்தோம். பழுப்பு நிறத்தில் சுருண்டு, சட்டியை விட்டுக் கிளம்பியது. தட்டில் கொட்டித் துண்டு போட்டோம். ஓரத்தை வாயில் போட்ட ஸ்டெல்லா சமையலறையிலேயே ஒரு சுற்று ஆடினாள்.

மாலையில் டீச்சர் டப்பாவின் மூடியைத் திறந்தார். "பாயசம் எங்கம்மா?"

"டீச்சர், இது ஒரு ஸ்பெஷல்..." என்று ஸ்டெல்லா இழுத்தாள்.

என்னால் பொய் சொல்ல முடியவில்லை. "பால் திரிஞ்சு போச்சு டீச்சர். அதையே கிண்டி இப்படிக் கொண்டாந்தோம்," என்றேன்.

அவர் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டார். பிறகு இன்னொன்று. மூன்றாவதை எடுக்கும்போது, "சரி, மூடி வைங்க. நானே தின்னு தீத்துருவேன்," என்றார்.

பந்தி முடிந்ததும் மாப்பிள்ளையின் அம்மா எங்களைத் தேடி வந்தார். "கல்யாணத்துக்கும் இதேதான் பண்ணணும். நூறு பேருக்கு."

வீட்டுக்கு நடந்து வந்தோமா, பறந்து வந்தோமா என்று இன்றைக்கும் தெரியாது.

2. திரிய மறுத்த பால்

கல்யாண நாள். கொதிக்கிற பாலில் தெரிந்தே பாகை ஊற்றினேன். பால் திரியவில்லை. இன்னும் ஊற்றினேன். வழவழவென்று அழகாக நின்றது.

ஸ்டெல்லா அண்டாவுக்குள் குனிந்து கத்தினாள்: "அன்னிக்கு கேக்காமயே திரிஞ்ச இல்ல? இப்ப இன்னா கேடு உனக்கு?"

இந்த முறை வெல்லம் சிவாஜிநகரில் வேறு கடையில் வாங்கியது. அந்த வெல்லத்துக்குப் பாலைத் திரிக்கும் புளிப்பில்லை போலும். நிச்சயதார்த்தத்தன்று எந்தக் கடை, எவ்வளவு வெல்லம் என்று நாங்கள் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. கடைசியில் பிழிந்து ஊற்றிய எலுமிச்சைதான் பாலைத் திரித்து எங்களைக் காப்பாற்றியது.

புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கெட்டுப்போன நாளையும் அளவோடு எழுதி வையுங்கள். எங்கள் நோட்டின் முதல் பக்கம் ஸ்டெல்லாவின் கையெழுத்தில் இருக்கிறது: "பால் திரியவில்லை. அக்கா அழுதாள். எலுமிச்சை ஆறு."